கால் நனையாத உத்தியோகம்

நீச்சல் குளத்தில் கால் நனையாமல் வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர்: வாசலில் டோக்கன் கொடுப்பவர், பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையில் நிற்கும் அம்மா. டோக்கன்காரருக்குத் திங்கட்கிழமை லீவு உண்டு. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் நீச்சல் உடை, துண்டு எல்லாவற்றையும் மருந்து வாடை போகத் துவைத்துக் காயப்போடும் நாள்.

மைசூரில் நான் அந்த இரண்டாவது உத்தியோகத்தில் இருக்கிறேன். வீட்டில் பிளவுஸ் தைப்பேன், அது வேறு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், மார்டள்ளி கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் ஒரே மகள் ஷெரினுக்குப் பத்து வயது. சின்னதிலிருந்து அவளுக்கு இழுப்பு உண்டு. மழை ஆரம்பித்தால் எனக்கும் மூச்சு முட்டும், பயத்தில். டாக்டர்தான் நீச்சலில் சேர்க்கச் சொன்னார், மூச்சு பலப்படும் என்று. தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற என்னிடம் போய்ச் சொன்னார்.

கோடை வகுப்பில் கும்பலோடு சேர்த்தோம். மே மாதம் முழுக்க ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அப்புறம்தான் மஞ்சுநாத் சாரிடம் தனிப் பயிற்சி. சாயங்காலம் கும்பல் கலைந்ததும் அவளுக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பார். சார் கன்னடக்காரர். எங்களோடு நன்றாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். கும்பல் வகுப்பில் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நிற்க வேண்டும். தனிப் பயிற்சியில் குளத்தின் ஓரம் வரை போகலாம். பின்னால் நடந்த அத்தனைக்கும் இந்தச் சலுகைதான் காரணம். பிள்ளையைக் கராத்தேயிலோ கிரிக்கெட்டிலோ விட்டுவிட்டு வெளியே நகம் கடிக்கிறவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஈரத் தரை

முதல் நாள் செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். வலது கையில் இன்ஹேலர், தோளில் துண்டு, இடது கையில் புடவைக் கொசுவம். இப்படித்தான் நான் குளத்துக்குள் நுழைந்தேன். ஷெரின் வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆழமில்லாத பக்கம் நின்றாள். சார் "கையை விடு, விடு" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். அவளுக்கு மூச்சு வாங்குகிறதோ என்று குனிந்து பார்க்க இன்னும் ஓரமாகப் போனேன். டைல்ஸ் ஈரமாக இருந்தது. கால் சர்ரென்று போய்விட்டது.

விழுந்தது பாதிதான். ஒரு கால் முழங்கால் வரை தண்ணீரில், மீதி நான் கரையில். சார் என் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார். எனக்கு உயிர் வந்தபோது பார்க்கிறேன், ஷெரின் என் காலடியில் நிற்கிறாள். கம்பியிலிருந்து அவ்வளவு தூரம் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டு தானாகவே வந்திருக்கிறாள். "அம்மா, அடி பட்டுச்சா?" என்று கேட்ட பிறகுதான் தன் கையில் கம்பி இல்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது. பயிற்சி தொடங்கிய முதல் நாளே பிள்ளை கம்பியை விட்டுவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சார் என் நனைந்த புடவையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஷெரின் அம்மா, நீங்க தினம் ஒருதரம் வழுக்கி விழுந்தா போதும், பொண்ணு சீக்கிரம் கத்துக்குவா."

எண்ணெய்

குளத்துத் தண்ணீரில் போடும் மருந்து முடியை வைக்கோலாக்கிவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஷெரினுக்கு இடுப்பு வரை முடி. நான் விடுவேனா? வீட்டிலிருந்து கிளம்பும்போதே தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து, அழுத்திப் பின்னி, அதன்மேல் ரப்பர் தொப்பியை மாட்டிவிட்டேன். நுழைவதற்கு முன் ஷவரில் நனைய வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். நனைந்தாள். எண்ணெய் வைத்த தலையில் தண்ணீர் ஒட்டுமா?

கொஞ்ச நேரத்தில் அவளைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வட்டம் மிதந்தது. அது விரிந்துகொண்டே போய், பக்கத்தில், வகுப்பில்லாமல் நீந்த வந்திருந்த பெரியவர்களைத் தொட்டது. சார் ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டார், மோந்து பார்த்தார், விசிலை ஊதினார். எல்லோரும் கரையேறினார்கள். நான் துண்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் யார் வீட்டு எண்ணெய் என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரமாகவில்லை. "எண்ணெய் ஊத்தியாச்சு. கடுகும் கொண்டுவந்திருக்கீங்களா ஷெரின் அம்மா, தாளிச்சிடலாம்?"

ஸ்டாப் வாட்ச் அப்பா

எங்களுக்கு முந்தின வகுப்பு அனன்யா என்கிற பெண்ணுக்கு. ஷெரின் வயதுதான், மீன் மாதிரி நீந்துவாள். அவளுடைய அப்பா பிரகாஷ் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். மகள் நீந்தும்போது கூடவே கரையில் ஓடுவார். "கையை நீட்டு! காலை அடி! தலையைத் தூக்காதே!" சார் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆனால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நானும் கரையில் நடந்துகொண்டுதான் இருந்தேன். அவர் கையில் கடிகாரம், என் கையில் இன்ஹேலர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் அனன்யா உடை மாற்றும் அறையில் தனியாக நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் மூச்சுக்கு அடிக்கடி தலையைத் திருப்பும்போது இவள் மட்டும் ரொம்ப நேரம் தண்ணீருக்குள்ளேயே போவாள். சாரே அதைப் புகழ்ந்திருக்கிறார். எனக்கோ மூச்சுக் கவலை எந்நேரமும். "எப்படிக் கண்ணு அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிற? ஷெரினுக்கும் சொல்லிக்கொடேன்" என்றேன். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி, தலை உள்ள இருந்தா அப்பா பேசுறது கேக்காது."

இடது கை

மழைக்காலம் முடிவதற்குள் ஷெரின் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீந்திவிட்டாள். அந்த வருஷம் இழுப்பும் பெரிதாக வரவில்லை. மார்டள்ளிக்கு போன் போட்டு என் அண்ணனிடம் சொன்னேன். அவன் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றவன். அவன் குதிக்கும்போது கிணற்று மேட்டில் நின்று அவன் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். "உன் பொண்ணா? நிஜமாவா?" என்று இரண்டு தரம் கேட்டான். இரண்டு தரமும் நான் நிதானமாகப் பதில் சொன்னேன்.

ஒரே ஒரு குறை. அவள் நேராகப் போகமாட்டாள். நடுவில் கிளம்பினால் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் சுவரை உரசிக்கொண்டு போய்ச் சேருவாள். அங்கே நான் தயாராக இருப்பேன். ஏணியில் ஏறியதும் துண்டைப் போர்த்தி, திரும்ப நடத்தியே கூட்டிவருவேன், பிள்ளைக்குக் களைப்பாகுமே என்று. டிசம்பரில் நகரத்து நீச்சல் கிளப்புகளுக்குள் பிள்ளைகள் போட்டி வருகிறது, ஷெரினை அனுப்பலாம் என்று இருக்கிறேன் என்று சார் சொன்னபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உடனே அடுத்ததையும் சொன்னார். போட்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாதை, இரண்டு பக்கமும் கயிறு. கயிற்றைப் பிடித்து இழுத்தால் அவுட். நேராகப் போகக் கற்றால்தான் பெயர் கொடுப்பேன் என்றார்.

நான் யோசித்தேன். வலப்பக்கம் போகிறாள் என்றால் வலது கைக்கு வலு அதிகம், இடது கை சோப்ளாங்கி. தினமும் இடது கைக்கு மட்டும் விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டேன். சாப்பிடுவது, எழுதுவது தவிர எல்லாவற்றையும் இடது கையால் செய்யச் சொன்னேன். தண்ணீர்க் குடத்தைக்கூட. முட்டையைக் கூடுதலாக அவித்தேன், அது நேராக இடது கைக்குப் போய்ச் சேரும் என்பது போல. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். பத்து நாள் கழித்து அவள் முன்னைவிட வேகமாக வந்து வலது சுவரில் மோதினாள். அவள் ஏறி வந்த ஏணியைப் பிடித்த சார் தன் உள்ளங்கையை மோந்து பார்த்தார். "இப்போ விளக்கெண்ணெயா? வயித்துக்கு நல்லது அம்மா, கைக்கு இல்ல."

நான் கரை மாறியது

அடுத்த வகுப்பில் சார் தண்ணீரில் இறங்காமல் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெகு நேரம் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஷெரின் அம்மா, நீங்க எப்பவும் இந்தப் பக்கம்தான் நடக்கிறீங்களா?" ஆமாம் என்றேன். இந்தப் பக்கம்தான் வெயில் கண்ணில் படாது, பிள்ளை முகம் தெளிவாகத் தெரியும். "இன்னைக்கு அந்தப் பக்கம் நடங்க."

நடந்தேன். ஷெரின் நடுவிலிருந்து கிளம்பினாள். மூச்சுக்கு இடப்பக்கம் தலையைத் திருப்பினாள், என்னைப் பார்த்தாள், அடுத்த கை போட்டாள். மறுபடி திரும்பினாள், பார்த்தாள். அழகாக, கொஞ்சம் கொஞ்சமாக, இடப்பக்கம் சாய்ந்து வந்து இடது சுவரில் முட்டினாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிரகாஷ் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டுச் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் வீணானதே என்ற வருத்தம் ஒரு பக்கம், மூச்சுக்கு மூச்சு பிள்ளை என்னைத் தேடுகிறாளே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அந்தச் சந்தோஷத்தைச் சார் நிலைக்கவிடவில்லை: "பொண்ணுக்கு ரெண்டு கையும் சரியாத்தான் இருக்கு அம்மா. கரைதான் கூடவே நடக்குது."

இரண்டு முனை

என்னைக் குளத்தின் அந்த முனையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பார்த்தார் சார். அம்மா எதிரே இருந்தால் பிள்ளை நேராக வந்துதானே ஆக வேண்டும்? வந்தாள். கோடு போட்ட மாதிரி வந்தாள். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் போட்டியில் ஒரு முனையைத் தொட்டுவிட்டு உடனே திரும்பி, கிளம்பின இடத்துக்கே நீந்த வேண்டும். இவள் என் காலடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் துடைத்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். திரும்புகிற எண்ணமே இல்லை.

சரி, கிளம்பின முனையில் அவளுடைய அப்பாவை உட்காரவைப்போம் என்று முடிவானது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். அன்றைக்கு இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு நேரே குளத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஷெரின் என்னிடம் வந்து சேருவதற்குள் அவர் தலை மார்பில் விழுந்துவிட்டது. தண்ணீர்ச் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்ததாம். "போ கண்ணு, அப்பா பார்க்கிறாரு, போ" என்று நான் கெஞ்சினேன். ஷெரின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அங்க அப்பா தூங்குறாரு, இங்க நீ முழிச்சிருக்க. நான் எதுக்கும்மா திரும்பிப் போகணும்?"

பெஞ்சு

அதன்பிறகு சார் கன்னடத்துக்குப் போனார். "கூத்கொள்ரீ அம்மா! அல்லி! பெஞ்ச் மேலே!" என்று கை காட்டி என்னை உட்காரச் சொன்னார். பொறுமை போய்விட்டது, பாவம். சனிக்கிழமை பெயர்களைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் ஷெரின் நேராகப் போய்த் திரும்பாவிட்டால் அனன்யா மட்டும்தான் போவாள்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் வைதேகி. பாங்கில் வேலை, மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். அவருடைய மகனும் தனிப் பயிற்சிதான், எங்களுக்கு அடுத்த வகுப்பு. அவன் நீந்தினாலும் முழுகினாலும் அந்த அம்மாள் போனை விட்டுத் தலை நிமிரமாட்டார். எனக்கு அந்த வரம் கிடையாது. கையைச் சும்மா வைக்கக்கூடாது என்று ஒரு பிளவுஸை எடுத்து ஹூக் தைக்க ஆரம்பித்தேன். ஊசி ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். தண்ணீரில் ஷெரின் பாதி வழியில் நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி அந்தக் கரை, இந்தக் கரை என்று தேடினாள். தூணுக்குப் பின்னால் என் புடவைத் தலைப்பைப் பார்த்ததும்தான் மேலே நீந்தினாள், தூண் இருந்த பக்கமாகவே. வைதேகி அப்போதுதான் போனைக் கீழே வைத்தார். என் மடியிலிருந்த பிளவுஸை எடுத்து விரித்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஹூக்கையே தெச்சிருக்கேளே, இதை யாராலயாவது மூட முடியுமா?"

பஸ்ஸில்

வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட் கூட்டத்துக்குள் சிக்கி நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகப் பூ வாசம். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். "இழுப்பு வந்திடுமோன்னு பயமா கண்ணு? இன்ஹேலரை சார் கையில கொடுத்து வைக்கிறேன். என்னைப் பார்க்காம நீந்து. உன்னால முடியும்." அவள் ஈரச் சடையைத் துண்டால் பிழிந்துகொண்டே, "இழுப்புக்கு இல்லம்மா" என்றாள்.

"அப்புறம் எதுக்கு மூச்சுக்கு மூச்சு என்னைப் பார்க்கிற?" கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு என் குரல் ஏறிவிட்டது. அவள் முதலில் சொல்லவில்லை. "பிடும்மா", அதாவது விடும்மா, என்று கன்னடத்தில் தட்டிக்கழித்தாள். நான் விடவில்லை. கடைசியில் தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீ அன்னைக்கு வழுக்கி விழுந்தேல்ல. மறுபடி விழுந்தா உனக்கு நீச்சல் தெரியாதும்மா. சாரும் அந்தப் பக்கம் பார்த்துட்டிருப்பாரு. அதான் நீ இருக்கியான்னு பார்க்கிறேன்."

தண்ணீருக்குள் நான்

அன்று வீட்டுக்கு வந்ததும் மிஷினை எடுத்து, கறுப்பு லைக்ராத் துணியில் முழங்கை வரை கையும் கணுக்கால் வரை காலும் வைத்து எனக்கு ஒரு நீச்சல் உடை தைத்தேன். வாடிக்கைக்காரம்மா ஒருவர் யோகாவுக்குத் தைக்கக் கொடுத்த துணியில் மிஞ்சியது. அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன். சனிக்கிழமை காலையில் பெண்கள் வகுப்பு. தலையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல், ரப்பர் தொப்பி போட்டுக்கொண்டு, ஏணியில் பின்பக்கமாக இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது, எல்லோரையும் கூப்பிட்டிருப்பேன்.

பெண்கள் வகுப்பு டீச்சர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நீச்சல் கண்ணாடி வழியாகக் கண்ணைத் திறந்தால், கீழே தரையில் ஒரு கறுப்புக் கோடு. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, வளையாமல், நடுவில். இத்தனை மாதம் மேலே நடந்தேனே, கீழே பிள்ளைக்கு வழி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கரையிலிருந்து பார்த்தால் அது அலையில் ஆடி ஆடித் தெரியும், நான் ஏதோ டைல்ஸ் டிசைன் என்று நினைத்திருந்தேன்.

டீச்சர் கையை எடுத்துவிட்டார். நான் மிதந்தேன். ஐயோ, மிதந்தேன்! காலை அடித்தேன், கொஞ்ச தூரம் நகர்ந்தேன். அப்போது மேலே ஒரு நிழல் கூடவே வந்தது. தலையைத் திருப்பினால் ஷெரின். கரையில் நடந்துகொண்டிருந்தாள். தோளில் என் துண்டு, கையில் இன்ஹேலர். எனக்கு இழுப்பே கிடையாது! அவளைப் பார்த்த சந்தோஷத்தில் நான் சுவரில் போய் மோதினேன். அவள் இடுப்பில் கை வைத்துக் குனிந்தாள். "கீழ கோட்டைப் பாரும்மா, என்னைப் பார்க்காதே. கோணலா வர்ற."

சனிக்கிழமை சாயங்காலம்

அன்று சாயங்காலம் நான் என்னவோ பெரிய நீச்சல்காரி மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முடியில் மருந்து வாடை, காதுக்குள் தண்ணீர். இன்ஹேலர் சாரின் நாற்காலியில். ஷெரின் கம்பிக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி மிதக்கிற மாதிரி காட்டினேன். அவள் சிரித்துவிட்டுத் தலையை உள்ளே விட்டாள்.

போனாள். அந்த முனையைத் தொட்டாள், சுவரை உதைத்தாள், திரும்பி வந்தாள். மூச்சுக்கு ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம், பார்வை எங்கேயும் நிற்கவில்லை. சார் பெஞ்சுக்கு வந்து என்ன பண்ணினீர்கள் என்று கேட்டார். நானும் இறங்கினேன் என்றேன். அவர் என் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சந்தேகமாகக் கேட்டார்: "எண்ணெய் வெச்சுக்கிட்டா?"

கேலரி

போட்டி நடந்த குளத்தில் பெற்றோருக்கு மாடியில் கேலரி. கரைப் பக்கமே விடமாட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், முழித்துக்கொண்டு. இன்னொரு பக்கம் பிரகாஷ். மேலிருந்து கத்தினால் பிள்ளைக்கு மைனஸ் என்று யாரோ பயமுறுத்தியிருந்ததால் அவர் வாயில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டிருந்தார். எட்டுப் பாதைகளில் எட்டுப் பிள்ளைகள். அனன்யா நாலாவதில், ஷெரின் கடைசிப் பாதையில், சுவரை ஒட்டி. சுவரைப் பார்த்ததும் நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விசில் ஊதியதும் நான் மூச்சை விடவே இல்லை. அவள் குதித்தாள். சுவர் அங்கேயே இருந்தது, கயிறு அங்கேயே இருந்தது, இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை ரயில் மாதிரி போனாள். தொட்டாள், திரும்பினாள், வந்தாள். அனன்யா முதலில் வந்தாள். நம்மவள் நாலாவது. மெடல் மூன்று பேருக்குத்தான். எனக்கு அது மனதில் ஏறவே இல்லை. கம்பியைப் பிடிக்காமல் நிற்கத் தெரியாத பிள்ளை, மழை வந்தால் உட்கார்ந்தபடி தூங்கின பிள்ளை, நகரத்துப் பிள்ளைகளில் நாலாவதாக வந்து கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்து வாடை என்றார். பிரகாஷ் மகளுக்குக் கைதட்டி ஓய்ந்து, என் பக்கம் குனிந்து சொன்னார்: "உங்க பொண்ணு ஒரு தரம்கூட மேலே திரும்பிப் பார்க்கலை."

பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் வலித்தது, மறைப்பானேன். இனி மூச்சுக்கு மூச்சு என்னைத் தேட யாருமில்லை என்று நினைத்துக்கொண்டே, துண்டை எடுத்துக்கொண்டு கேலரிப் படியில் கால் வைத்தேன். அப்போது கீழேயிருந்து, அத்தனை கூட்டத்துக்கும் விசில் சத்தத்துக்கும் மேலே, ஒரு குரல் வந்தது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, தொப்பியைக் கையில் பிடித்து ஆட்டியபடி, ஷெரின் கத்திக்கொண்டிருந்தாள்: "அம்மா, படியெல்லாம் ஈரம்! கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு!"

கோச் சொன்னால் மறுபேச்சு பேசக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.